வீட்டுக் கடனை விரைவாக அடைப்பது எப்படி?

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





வட்டி ஹராம் என்பதை விளக்க இந்தக் கூட்டத்தைக் கூட்டவில்லை. அதை நம் ஆலிம்கள் மிம்பரில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனாலும் இந்த மஹல்லாவில் வங்கியில் வீட்டுக் கடன் உள்ள குடும்பங்கள் பல இருக்கின்றன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சிலர் வேறு வழியில்லாமல் வாங்கினார்கள். சிலருக்கு அத்தா வாங்கிய கடன் தலையில் வந்து விழுந்திருக்கிறது. இந்தியாவில் வட்டியில்லா வங்கி தொடங்கும் யோசனையை 2017-ல் ரிசர்வ் வங்கி கைவிட்டுவிட்டது. ஆகவே யார் ஏன் வாங்கினார் என்ற விசாரணை இன்று வேண்டாம். உள்ளே இருப்பவர்கள் எவ்வளவு சீக்கிரம் வெளியே வரலாம் என்பதை மட்டும் பேசுவோம்.

சில மாதங்களுக்கு முன் இத்தாவில் இருந்த ஒரு சகோதரியின் மகன் நம் அலுவலகத்துக்கு வந்தார். தகப்பனார் சபுராளி, வளைகுடாவில் வஃபாத்தாகிவிட்டார். இரண்டு தவணை கட்டவில்லை என்று வங்கியிலிருந்து கடிதம் வந்திருந்தது. “அஞ்சு வருஷம் ஒழுங்கா கட்டியாச்சு, காவாசி கடன் முடிஞ்சிருக்கும்னு உம்மா சொல்றாங்க” என்றார் அந்தப் பிள்ளை. கடன் கணக்கின் அறிக்கையை வாங்கி வரச் சொன்னோம். குடும்பம் அடையாளம் தெரியக்கூடாது என்பதால் தொகைகளை மாற்றிச் சொல்கிறோம். 20 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை 17,995 ரூபாய். ஐந்து வருடத்தில் அவர்கள் கட்டியது சுமார் 10 லட்சத்து 80 ஆயிரம். அசலில் குறைந்தது எவ்வளவு? 2 லட்சத்து 26 ஆயிரம். மீதி 17 லட்சத்து 74 ஆயிரம் அப்படியே நின்றது.

அந்தப் பிள்ளை அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வங்கி தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறது என்றார். கணக்கு சரிதான். 20 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் ஒரு மாத வட்டி 15,000. முதல் மாதம் நீங்கள் கட்டும் 17,995-ல் 15,000 வட்டிக்குப் போய்விடுகிறது. அசலில் கழிவது 2,995 மட்டும். அசல் குறையக் குறையத்தான் வட்டி குறையும், அசலோ ஆமை வேகத்தில் குறைகிறது. இப்படியே 20 வருடம் கட்டினால் மொத்தம் 43 லட்சத்துக்கு மேல். வாங்கியது 20, வட்டி மட்டும் 23 லட்சம்.

இதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் திரும்பும். தவணைக்கு மேல் நீங்கள் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் நேராக அசலில் போய் விழும். அந்த ரூபாய்க்கு இனி வட்டியே கிடையாது. அதே 20 லட்சம் கடனில் ஆரம்பம் முதல் மாதம் 20,000 கட்டினால், அதாவது கூடுதலாக 2,000 மட்டும், 20 வருடக் கடன் பதினைந்தரை வருடத்தில் முடிகிறது. மிச்சமாகும் வட்டி சுமார் 6 லட்சம். மாதாமாதம் முடியாது, வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்ட முடியும் என்றால் மூன்றரை வருடம் குறைகிறது.

எப்போது கட்டுகிறோம் என்பதும் முக்கியம். ஐந்தாம் வருட முடிவில் ஒரு லட்சத்தை அசலில் கட்டினால் கிட்டத்தட்ட 20 தவணைகள் குறையும். அதே ஒரு லட்சத்தைப் பதினைந்தாம் வருட முடிவில் கட்டினால் எட்டரைத் தவணைதான் குறையும். பிள்ளைகள் சம்பாதிக்கட்டும், மொத்தமாக அடைத்துவிடலாம் என்று காத்திருப்பவர்கள் இந்த வித்தியாசத்தை மனதில் வைக்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு லட்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் வங்கியில் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, மாதத் தவணையைக் குறைப்பது. இன்னொன்று, தவணை அப்படியே இருக்க வருடத்தைக் குறைப்பது. முதலாவதில் மாதம் ஆயிரம் ரூபாய் குறையும். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் கடைசிவரை பார்த்தால் உங்களுக்கு மிச்சம் சுமார் 83 ஆயிரம். இரண்டாவதில் மிச்சம் இரண்டரை லட்சத்துக்கு மேல். குடும்பம் மாதச் செலவுக்கே தவிக்கிறது என்றால் தவிர, தவணையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். “தவணைத் தொகை மாற வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்” என்று எழுதியே கொடுங்கள். பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு, வங்கி தானாக எடுத்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். கடன் கணக்கில், அசலில் வரவாக வேண்டும். சில இடங்களில் கூடுதல் பணத்தை அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வைத்துக்கொள்வார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. ரசீது வாங்குங்கள். அடுத்த மாத அறிக்கையில் அசல் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முன்கூட்டிக் கட்டினால் அபராதம் போடுவார்கள் என்ற பயம் பலருக்கு இன்னும் இருக்கிறது. தனிநபர் பெயரில், மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனுக்கு வங்கிகள் அப்படி அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டியில் வாங்கியவர்களும், வீட்டை வைத்துத் தொழிலுக்குக் கடன் வாங்கியவர்களும் மட்டும் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மாறும் வட்டி என்று சொன்னோம். அது மாறும்போது என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2022 மே மாதத்துக்கு முன் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதமாக ஏறியது. தவணை அதேதானே போகிறது என்று நம் மக்கள் நிம்மதியாக இருந்தார்கள். வங்கி தவணையை ஏற்றாமல் வருடத்தை நீட்டியிருந்தது. 7 சதவீதத்தில் 20 லட்சம் வாங்கியவருக்குத் தவணை 15,506 ரூபாய். வட்டி 9.5 ஆனால் மாத வட்டியே 15,833. கட்டும் தவணை வட்டிக்கே போதாது, கடன் குறைவதற்குப் பதிலாக வளர்கிறது! இதனால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, வட்டி மாறும்போது கடன்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும், தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று அவரைக் கேட்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025-ல் பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போ ஒரு சதவீதம் இறங்கியது. உங்கள் கடனுக்கு அந்தக் குறைப்பு வந்ததா என்று கேளுங்கள். 2019 அக்டோபருக்கு முன் வாங்கிய பழைய கடனாக இருந்தால், வங்கியின் பழைய விகிதத்திலேயே நின்றுகொண்டிருக்கலாம். சிறு கட்டணம் கட்டி ரெப்போவோடு இணைந்த விகிதத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று விசாரியுங்கள். வட்டி குறைந்தால் தவணையைக் குறைக்காமல் பழைய தொகையையே கட்டி வாருங்கள். கையிலிருந்து ஒரு பைசா கூடுதலாகப் போகாமலே வருடம் குறையும்.

சரி, பணத்துக்கு எங்கே போவது? முதலில் மூன்று நான்கு மாதச் செலவுக்கும் தவணைக்கும் தேவையானதைத் தனியாக வைத்துவிடுங்கள். இருப்பதையெல்லாம் கடனில் கொட்டிவிட்டு, மறுமாதம் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்குத்தான் ஓட வேண்டியிருக்கும். வீட்டுக் கடனை அடைக்க நகைக் கடன் வாங்குவதும், மீட்டர் வட்டிக்காரரிடம் போவதும் அறவே கூடாது.

அதற்கு மேல் உள்ளதைப் பாருங்கள். நம் குடும்பங்களில் அடிக்கடி காணும் ஒரு வழக்கம்: ஒரு பக்கம் வங்கி வைப்பில் மூன்று லட்சம் கிடக்கும். அதன் வட்டியைத் தொடாமல், நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மறுபக்கம் அதே குடும்பம் கடனுக்கு 9 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டிருக்கும். அந்த வைப்பை எடுத்து அசலில் கட்டினால் வாங்கும் வட்டியும் நிற்கும், கொடுக்கும் வட்டியும் குறையும். அவசரத்துக்குப் பணம் வேண்டுமே என்பவர்களுக்கு, வீட்டுக் கடனோடு இணைந்த கணக்கில் பணத்தைப் போட்டு வைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும் வசதியைச் சில வங்கிகள் தருகின்றன. பணம் கிடக்கும் நாட்களுக்கு அந்தத் தொகைக்குக் கடன் வட்டி விழாது.

வரிச் சலுகை போய்விடுமே என்று கேட்கும் சகோதரர்கள் சிலர். பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்குச் சலுகை உண்டு, உண்மைதான். ஆனால் ஒரு ரூபாய் வட்டி கட்டி முப்பது காசு திரும்ப வாங்குவது லாபமா? புதிய முறைக்கு மாறியவர்களுக்கு, தாம் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு அந்தச் சலுகையும் இல்லை.

சபுரில் இருக்கும் பிள்ளைகளின் வீடுகளில், விடுமுறைக்கு வரும் அந்த ஒரு மாதத்தில் செலவாகும் பணம் ஐந்தாறு தவணைக்குச் சமம். பெட்டி, விருந்து, மச்சான் வீட்டுக்கு, மாமி வீட்டுக்கு என்று கொடுக்கல் வாங்கல். ஊரார் என்ன சொல்வார்கள் என்ற கவலை இதில் பாதி. கல்யாணச் செலவைப் பற்றிப் பேசினால் இங்கேயே இரவாகிவிடும், விட்டுவிடுவோம். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், யாரும் வருத்தப்பட வேண்டாம். வங்கிக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது, மூன்றாவது உம்ராவுக்குக் கிளம்புகிறார்கள். நாம் ஃபத்வா சொல்ல வரவில்லை, ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் கருத்து, அந்தப் பணம் முதலில் கடனுக்குப் போவதே நல்லது. நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுபவர்களாக இருந்தார்கள். காரணம் கேட்டபோது, கடன் மனிதனைப் பொய் பேசவும் வாக்கு மாறவும் வைக்கும் என்று விளக்கினார்கள். தவணை தேதி நெருங்கும்போது வங்கிக்காரரின் போனை எடுக்காமல் ஒளிபவர்களுக்கு இது புரியும்.

அந்தச் சகோதரியின் விஷயத்துக்கு வருகிறோம். கணவர் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து சில லட்சங்கள் வந்தன. உறவுக்காரர்கள் பங்கு பிரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். கடனைக் கொடுத்த பிறகுதான் வாரிசுகளுக்குப் பங்கு என்பது குர்ஆன் வகுத்த வரிசை என்று நம் இமாம் எடுத்துச் சொன்னார்கள். மகன் வங்கிக்குப் போய், தவறிய தவணைகளைத் தீர்த்து, 3 லட்சத்தை அசலில் கட்டினார். காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். பதினைந்து வருடமாக நின்ற மீதி பத்தே முக்கால் வருடத்துக்குள் வந்துவிட்டது. தவணையை இப்போது அவர் கட்டி வருகிறார். இன்னும் இரண்டு மாதம் அசட்டையாக இருந்திருந்தால் கதை வேறு. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் வாராக்கடன் என்று எழுதிவிடுவார்கள். அடுத்து சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அதற்குப் பின் வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள். கட்ட முடியாத நிலை வந்தால் ஒளியாதீர்கள், முதல் தவணை தவறுவதற்கு முன்பே வங்கியில் போய்ப் பேசுங்கள், நம்மிடமும் சொல்லுங்கள்.

அந்த உம்மாவுக்குக் கடன் கணக்கு எண்கூடத் தெரிந்திருக்கவில்லை. தாய்மார்களே, இன்று இரவே வீட்டில் கேளுங்கள்: எந்த வங்கி, என்ன எண், இன்னும் எவ்வளவு அசல், எத்தனை சதவீதம். ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது.

கடன் முடிந்த பிறகும் கொஞ்சம் வேலை இருக்கிறது. கடைசிப் பணத்தைக் கட்டியதும் நிலுவை இல்லை என்ற சான்று வாங்குங்கள். 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதி. பத்திரம் கைக்கு வந்ததும் தாய்ப் பத்திரம் உட்பட எல்லாம் இருக்கிறதா என்று, கடன் வாங்கும்போது கொடுத்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். பிறகு சார் பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி.யை ரத்து செய்து பதிய வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து வீட்டை விற்கவோ பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவோ போகும்போது வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும், அந்த வங்கிக் கிளை வேறு கிளையோடு சேர்ந்திருக்கும், கையெழுத்துப் போட ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும்.

உங்கள் கடன் அறிக்கையை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். கூடுதலாக எவ்வளவு கட்டினால் எத்தனை மாதம் குறையும் என்று கணக்குப் போட்டுத் தருகிறோம், வங்கிக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருகிறோம். விவரங்கள் வெளியே போகாது. பெண்கள் வர விரும்பினால் மகனையோ சகோதரரையோ அழைத்து வரலாம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.