காயம்பட்டு வந்த படைவீரருக்கு வேலை வேண்டும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நாம் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றிப் பேசுவோம். இன்றைக்கு வேறு ஒரு விஷயம். நம்ம பக்கத்து ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் நிறைய பேர். வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டை மாதிரி, ராணுவத்துக்கு ஆள் அனுப்புவதற்கே பேர் போன ஊரும் இருக்கிறது. சர்வீஸ் முடித்து வருகிறவரை மாலை போட்டுக் கூட்டிவருகிறோம். ஆனால் கண்ணிவெடியில் கால் போய், குண்டடி பட்டு, வண்டி விபத்தில் முதுகெலும்பு முறிந்து பாதியிலேயே வீட்டுக்கு வருகிறாரே, அவரை என்ன செய்கிறோம்?

முதல் மாதம் ஊரே வந்து பார்க்கும். "பாவம், இந்த வயசுல இப்படி ஆயிடுச்சே" என்று சொல்லிவிட்டுப் போகும். மூன்றாவது மாதம் யாரும் வருவதில்லை. அவர் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருப்பார். வயசு முப்பதோ முப்பத்தைந்தோதான் இருக்கும். இன்னும் இருபத்தைந்து வருஷம் உழைக்க வேண்டிய ஆள். விடியற்காலையில் எழுந்து ஓடிப் பழகிய உடம்புக்கு, "நீங்க சும்மா உட்காருங்க" என்று நாம் அன்போடு சொல்வதே பாரமாகிவிடும்.

முரளிகாந்த் பெட்கர் என்று மராட்டிய மாநிலத்துக்காரர். ராணுவத்தில் மெக்கானிக் பிரிவான ஈ.எம்.ஈ.யில் இருந்தவர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அவர் நீச்சல் பழகி, 1972-ல் ஜெர்மனியில் நடந்த பாராலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வாங்கினார். பதக்கக் கதை எல்லோருக்கும் தெரியும், 2018-ல் பத்மஸ்ரீ விருதும் கொடுத்தார்கள். நான் சொல்ல வந்தது வேறு. அவர் புனேயில் டெல்கோ கம்பெனியில் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்தினார். தங்கப் பதக்கம் ஒருவருக்குத்தான் கிடைக்கும். வேலை எல்லோருக்கும் கிடைக்க வழி இருக்கிறது.

"பென்ஷன் வருதே, வேலை எதுக்கு?" என்று கேட்பார்கள். பென்ஷன் அடுப்பை எரிய வைக்கும். ஆனால் காலையில் குளித்து, சட்டை போட்டு, "போயிட்டு வரேன்" என்று சொல்லிக் கிளம்புகிற மரியாதையை அது தராது. "வேலைக்குப் போனா பென்ஷன் நின்னுடுமோ" என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. தனியார் வேலைக்குப் போனாலோ, சொந்தத் தொழில் செய்தாலோ ஊனத்துக்கான ஓய்வூதியம் நிற்காது. அரசு வேலை என்றால் சம்பள விதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன வேலை என்று யோசிக்கும்போது, போன காலைப் பார்க்காதீர்கள். கையில் இருக்கும் தொழிலைப் பாருங்கள். பட்டாளத்தில் துப்பாக்கி பிடிப்பவர்கள் மட்டும் இல்லை. ஸ்டோர் கணக்கு எழுதியவர், வயர்லெஸ் பார்த்தவர், மெக்கானிக், சமையல்காரர், நர்சிங் அசிஸ்டென்ட், கிளார்க் எல்லோரும் உண்டு. ஸ்டோர் பார்த்தவருக்கு மில் குடோன் கணக்கு கஷ்டமா? வயர்லெஸ் பார்த்தவர் செல்போன் ரிப்பேர் கற்றுக்கொள்ள மாட்டாரா? காயம்பட்ட வீரர்களுக்குத் தொழில் கற்றுத்தரவே புனே கிர்க்கியில் குயின் மேரி தொழில்நுட்ப நிலையம் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில், 1917-ல் தொடங்கியது. செயற்கைக் கை கால் பொருத்தும் ராணுவ மையமும் புனேயில் 1944 முதல் நடக்கிறது.

அடுத்து எங்கே போவது? முதல் படி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்கே பெயர் பதிய வேண்டும். மத்திய பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசு வங்கிகளிலும் முன்னாள் படைவீரருக்கு எழுத்தர் நிலையில் 14.5 சதவீதம், கடைநிலையில் 24.5 சதவீதம் இடஒதுக்கீடு. இதில் 4.5 சதவீதம் ஊனமுற்ற வீரர்களுக்கும், போரில் உயிரிழந்தவர்களின் குடும்பத்துக்கும் உரியது. 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் இருந்தால், மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2016-ன்படி அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடும் உண்டு. அதற்கு மாற்றுத்திறனாளி அட்டை தனியாக எடுக்க வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்கு வேலை தருவதற்காகவே 1986-ல் தொடங்கிய டெக்ஸ்கோ என்ற தமிழக அரசு நிறுவனமும் இருக்கிறது. சொந்தத் தொழிலுக்கு மானியத்தோடு கடன் தரும் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் 2024 சுதந்திர தினத்தில் அறிவிக்கப்பட்டது. இப்போதைய விவரத்தை அதே அலுவலகத்தில் கேளுங்கள்.

இதற்கெல்லாம் காகிதம் வேண்டும். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், மெடிக்கல் போர்டு காகிதம், இந்த மூன்றையும் டிரங்குப் பெட்டி அடியில் போட்டு மறந்துவிடாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்துத் தனியாக வையுங்கள். "இந்தக் காயம் சர்வீஸால் வந்தது இல்லை" என்று எழுதி ஊன ஓய்வூதியத்தை மறுத்திருந்தால், அதுவே முடிவு இல்லை. மேல்முறையீடு செய்யலாம். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

இப்போது அந்த வீட்டுப் பெண்ணைப் பற்றி. ராத்திரி அவர் தூங்க மாட்டார். பட்டாசு வெடித்தால் திடுக்கிட்டு எழுவார். காரணமே இல்லாமல் கோபம் வரும், சிலருக்குக் குடியும் சேரும். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, அவள் குழுக் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவாள். இது கெட்ட குணம் இல்லை, மனசில் பட்ட காயம். இதற்கும் மருந்தும் ஆலோசனையும் உண்டு. முன்னாள் படைவீரருக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவமனையிலோ, மாவட்ட அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். மனசு ஆறாமல் வேலைக்கு அனுப்பினால் பத்து நாளில் திரும்பி வந்துவிடுவார். இரண்டும் சேர்ந்து நடக்கணும்.

குழுவாக நாம் என்ன செய்யலாம்?

ஒன்று, நம் ஊராட்சியில் இப்படி எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள்.

இரண்டு, நல அலுவலகத்துக்கு முதல் தடவை போகும்போது அந்த வீட்டுப் பெண்ணோடு ஒருவர் துணைக்குப் போங்கள்.

மூன்று, அவள் கூட்டத்துக்கு வராமல் நின்றால் அபராதம் போடுவதற்கு முன் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள்.

நான்கு, நம் கூட்டமைப்புக்கே கணக்கர் வேண்டும், சரக்கு வைக்கும் இடத்துக்குப் பொறுப்பாள் வேண்டும். தகுதி உள்ள வீரரைச் சம்பளத்துக்குக் கூப்பிடுங்கள். வாசலில் இரண்டு படி இருந்தால் ஒரு சாய்தளம் கட்டுங்கள், ஒரு நாள் கொத்து வேலைதான்.

ஐந்து, அவர் எதிரில் "பாவம்" என்ற வார்த்தையைச் சொல்லாதீர்கள். "உங்களுக்கு என்ன வேலை தெரியும் அண்ணே?" என்று கேளுங்கள்.

1949-லிருந்து ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 7 கொடிநாள். அன்றைக்குக் கொடி வாங்கிக் காசு போடுகிறோம். நல்லது, தொடர்ந்து போடுவோம். இந்த வருஷம் கொடிநாளுக்குள் ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு வீரரின் பெயரையாவது பதிய வைத்தோம் என்று அடுத்த கூட்டங்களில் எழுந்து சொல்லுங்கள். கேட்க நான் காத்திருக்கிறேன்.