பிழைக்கப் போன இடத்தில் புத்தி கலங்கினால்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. நம் தோட்டத்துப் பிள்ளைகள் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டு இளைஞர்கள் விமானமேறி அதே ஊருக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவன் புத்தி கலங்கித் திரும்பினால் நாம் என்ன சொல்கிறோம்? "செய்வினை" என்கிறோம். "பரம்பரைக் கோளாறு" என்கிறோம். இல்லையென்றால் "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்று சிரிக்கிறோம். பெற்ற தாயின் காதில் அது விழுமே என்று நினைப்பதில்லை.

இல்லாத குரல் காதில் கேட்பது, எல்லோரும் தன்னைக் கெடுக்கச் சதி செய்வதாக நம்புவது, பேச்சுத் தொடர்பறுந்து போவது: இதை நாம் சித்தப்பிரமை என்கிறோம். மருத்துவர்கள் சைக்கோசிஸ் என்கிறார்கள். பெரும்பாலும் 18 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் இது தலைகாட்டும். பெர்மிட் எடுத்துப் பிழைக்கப் போகும் வயதும் அதுதான் என்பதை மறந்துவிடலாகாது.

ஊர் விட்டு ஊர் போவதற்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டா? உண்டு. 1932-இல் ஓடகார்ட் என்ற நார்வே மருத்துவர், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குடியேறிய தம் நாட்டாரைக் கணக்கெடுத்தார். சொந்த ஊரில் இருந்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பேர் மனச்சிதைவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார்கள். பலவீனமான மனமுள்ளவனே கப்பலேறுகிறான் என்பது அவர் சொன்ன விளக்கம். 2005-இல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். குடியேறியவர்களுக்கு அந்தந்த நாட்டாரைவிட 2.7 மடங்கு, குடியேறிய இடத்தில் அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு 4.5 மடங்கு என்று தெரிந்தது. தோழர்களே, கப்பலே ஏறாத பிள்ளைக்கு ஏன் கூடியது? ஆகவே போனவனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. போன இடம் அவனை எப்படி நடத்தியது என்று கேட்க வேண்டும். வெளியே நிறுத்தப்படுவதும் தாழ்த்தப்படுவதும் மனத்தைத் தாக்குகின்றன என்றே இன்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். 2016-இல் சிங்கப்பூரில் நடந்த கணக்கெடுப்பில், வாழ்நாளில் இந்நோய் கண்டவர்கள் 100-க்கு 2.3 பேர். மடங்கு கூடினாலும் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது வரப்போவதில்லை. பிள்ளையைப் போகாதே என்று நாங்கள் சொல்லவில்லை. தனியாக விட்டுவிடாதே என்கிறோம்.

தனிமை என்பது சின்ன விஷயமல்ல. 2001-இல் வெளிவந்த லண்டன் ஆய்வு ஒன்று சிறுபான்மை மக்களைப் பற்றியது. தம் மக்கள் கூடி வாழும் வட்டாரத்தில் அவர்களுக்கு இந்நோய் குறைவாகவும், சிலராய்ச் சிதறி வாழும் வட்டாரத்தில் அதிகமாகவும் இருந்தது. இதை மனத்தில் வைத்து, ஞாயிறு மாலை தேக்காவையும் சிராங்கூன் சாலையையும் பாருங்கள். ஊர்க்காரனைத் தேடி, ஒரு டீயைக் குடித்துவிட்டு, வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு, புல்தரையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அதைக் கூட்டம் என்றும் குப்பை என்றும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆறு நாளும் வேலைத்தளத்தையும் விடுதிக் கட்டிலையும் தவிர வேறொன்றைக் காணாதவனுக்கு, தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் இடம் அது ஒன்றுதான். 2020 ஏப்ரலில் கொள்ளைநோய் வந்தபோது, மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட விடுதித் தொழிலாளர்கள் அடைபட்டார்கள். 2021 செப்டம்பரில்தான் ஒரு சிறு கூட்டத்தைச் சோதனையாக லிட்டில் இந்தியாவுக்கு அழைத்து வந்தார்கள். அந்த நாட்கள் எப்படிக் கழிந்திருக்கும்!

இத்தோடு ஏஜெண்டுக்குக் கட்டிய கடனும், தூக்கக் கேடும் சேர்கின்றன. கஞ்சாவும் இந்நோயைத் தூண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பயம் இருக்கிறது: உடம்பு சரியில்லை என்று சொன்னால் பெர்மிட்டை ரத்துச் செய்து ஊருக்கு ஏற்றிவிடுவார்களே என்ற பயம். அதனால் நோயாளி மறைக்கிறான். கூட இருப்பவனும் மறைக்கிறான். நாள் தள்ளிப்போகிறது.

நாள் தள்ளிப்போவதுதான் பெரிய கேடு. சிங்கப்பூரில் 1841-இல் பிராஸ் பசா சாலையில் முதல் மனநோய் ஆஸ்பத்திரி எழுந்தது. 1928-இல் இயோ சூ காங்கில் கட்டப்பட்டது, பிறகு உட்பிரிட்ஜ் என்று பெயர் பெற்றது. 1993-இல் அது புவாங்கோக்கிற்கு மாறி, இன்று மனநலக் கழகமாக இயங்குகிறது. 2001-இல் அங்கே, இளம்வயதில் வரும் சித்தப்பிரமையை ஆரம்பத்திலேயே கண்டு வைத்தியம் செய்யத் தனித் திட்டம் தொடங்கினார்கள். அதற்கு முன் நோயாளிகளில் பாதிப்பேருக்கு வைத்தியம் கிடைக்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆயிற்று. திட்டத்துக்குப் பின் அந்தக் காலம் ஏறத்தாழ நான்கு மாதமாகக் குறைந்தது. சீக்கிரம் மருந்து பெற்றவன் திரும்பவும் வேலைக்குப் போகிற வாய்ப்பு அதிகம்.

ஆகவே தோழர்களே, பிள்ளையின் பேச்சைக் கவனியுங்கள். பல இரவு தூங்கவில்லையா? போனை எடுக்காமல் ஒதுங்குகிறானா? சாப்பாட்டில் விஷம் என்கிறானா? தனியே பேசிச் சிரிக்கிறானா? அவனோடு வாதாடாதீர்கள், கேலி செய்யாதீர்கள். ஒருவர் கூடவே இருங்கள். புவாங்கோக் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்கிறது. உயிரை மாய்க்க முயன்றவனைப் போலீஸ் பிடிக்கும் என்று பயந்து மறைக்க வேண்டாம். 2020 ஜனவரி முதல் சிங்கப்பூரில் அது குற்றமல்ல. தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்களின் வீட்டார் 14416 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை நாங்கள் தடுக்கவில்லை. மருந்தை நிறுத்தாதீர்கள், சங்கிலி போடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினார்கள். 28 உயிர்கள் போயின. ஓட முடியாமல் மாண்டவர்கள், தோழர்களே!

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. பெர்மிட் தொழிலாளியின் வைத்தியச் செலவு முதலாளியின் பொறுப்பு என்பது சிங்கப்பூர்ச் சட்டம். 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும். கை முறிந்தால் கட்டுப் போடுகிற நிர்வாகம், மனம் முறிந்தால் விமான டிக்கெட்டைக் கையில் கொடுப்பது என்ன நியாயம்? முதலில் வைத்தியம், குணமான பிறகு பயணப் பேச்சு என்பதே நம் கோரிக்கை.

நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தபோது அவர்கள் மனம் பட்ட பாட்டைக் கேட்க ஆளில்லை. பெரட்டில் பெயர் கூப்பிட்டார்கள். வராதவனைச் சோம்பேறி என்று எழுதினார்கள். இன்று கேட்பதற்குச் சங்கம் இருக்கிறது. இந்தக் கிளையில், வெளியூர் போன பிள்ளைகளின் பெயரையும் போன் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் கூப்பிட்டு, "தம்பி, சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்று கேட்போம். எழுதும் வேலையைக் கிராணிமார் நாங்கள் ஏற்கிறோம். கூப்பிடும் வேலையை நீங்கள் ஏற்க வேண்டும்.