பழைய காருக்கு ஏற்ற பின் அச்சு



மொறிஸ் மைனர் கார் இங்கிலாந்தில் 1948 இல் அறிமுகமாயிற்று. 1971 உடன் அதன் உற்பத்தி முடிவுற்றது. ஆயினும் நம் நாட்டுத் தெருக்களில் அதனை இன்றும் காணலாம். இரைச்சல் குறைந்து, வேகம் சற்றுக் கூட வேண்டும் என்பது அதனை வைத்திருப்போர் பலரின் ஆசை. பின் அச்சை மாற்றினால் அது கைகூடும் என்பர். கைகூடும், ஆனால் இனாமாக அன்று.

பின் அச்சினுள் பினியன் என்னும் சிறு பற்சக்கரம், கிறவுண் வீல் என்னும் பெரிய சக்கரத்தைச் சுழற்றுகின்றது. 948 சீ.சீ. எஞ்சின் கொண்ட மைனரில் பினியனுக்கு 9 பற்கள். கிறவுண் வீலுக்கு 41. எனவே விகிதம் 4.55. 1962 இல் வந்த 1098 சீ.சீ. வண்டியில் 9க்கு 38, அதாவது 4.22.

மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில், 4.55 அச்சுடன் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,250 முறை சுழலும். 4.22 அச்சுடன் 3,000 போதும். காதுக்கு இதந்தான். ஆனால் சக்கரத்தைச் சேரும் இழுவிசையும் ஏழு சதவீதம் குறைந்துவிடும். நால்வரையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும் சிறிய எஞ்சினுக்கு அந்த ஏழு சதவீதம் சிறிதன்று. இறக்கத்திலோ, எஞ்சின் வண்டியைத் தடுத்துப் பிடிக்கும் வலுவும் குறைகின்றது. பழைய பிறேக்குகளே மீதியைத் தாங்கவேண்டும். ஆதலால் மலைநாட்டில் ஓடும் 948 வண்டிக்கு 4.55 அச்சே தகும். யாழ்ப்பாணத்துச் சமதரையில் மட்டும் ஓடுவதாயின் 4.22 அச்சைப் பூட்டலாம்.

பழைய அச்சு வாங்குவோர் விற்பவரின் சொல்லை மட்டும் நம்பலாகாது. அது வண்டியில் பூட்டியிருந்தால், முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் உயர்த்தித் தாங்கியில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் விட்டு, கைப்பிறேக்கைத் தளர்த்துங்கள். உயர்த்திய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். நடுத்தண்டு நாலரைக்குச் சற்று மேல் சுழன்றால் அது 4.55, நாலேகாலை எட்டாமல் நின்றால் 4.22. பினியனையும் கிறவுண் வீலையும் சோடியாகவே மாற்றவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பற்கள் ஊளையிடும்.

இன்னுமொன்று. வேகமானி கியர்ப் பெட்டியிலிருந்து இயங்குவது. அச்சு மாறியதை அது அறியாது. 4.55 போய் 4.22 வந்தபின் முள் 50 இல் நிற்கையில் வண்டி 54 இல் ஓடிக்கொண்டிருக்கும்.