வெல்லப்போவது யார்? விருப்பமும் கணிப்பும்

(திங்கள்தோறும் நிகழும் சொற்பொழிவு வரிசையில் ஆற்றப்பெற்ற உரை)



திருவாரூர் மாவட்டத்தில் மன்னார்குடிக்கு அணித்தே துளசேந்திரபுரம் என்னும் சிற்றூர் உள்ளது. 2024-ஆம் ஆண்டு அமெரிக்க ஒன்றிய நாட்டின் குடியரசுத் தலைவர் தேர்தலில் மக்களாட்சிக் கட்சியின் வேட்பாளராக நின்ற கமலா ஆரிசு அம்மையாரின் தாய்வழிப் பாட்டனார் ஊர் அது. அவ்வாண்டு நவம்பர் 5-ஆம் நாள் அமெரிக்காவில் வாக்குப்பதிவு நடந்தபொழுது, அவ்வூரில் அவர் படம் பொறித்த தட்டிகள் நின்றன. கோயிலில் அவர் வெற்றிக்காக வழிபாடும் நடந்தது. மறுநாள் செய்தி வந்தது. தேர்வாளர் வாக்குகளில் 312 பெற்றுத் தொனால்டு திரம்பு வென்றார். ஆரிசு பெற்றவை 226.

அவ்வூர் மக்களை நகுதற்கு இடமில்லை. குருதித் தொடர்பில் எழுந்த அன்பு அது. அன்பிற்குக் கணக்குத் தேவையில்லை. ஆயின் அறிவுடையோர் பலரும் அன்று அதே பிழையைச் செய்தனர் என்பதுதான் எண்ணத்தக்கது. 'வெல்ல வேண்டும்' என்பது வேறு. 'வெல்வார்' என்பது வேறு. முன்னது விருப்பம், பின்னது கணிப்பு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டவர் அடைந்த இழுக்கினை அமெரிக்கத் தேர்தல் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

முதற்கண் 1936-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோர் ஓர் இதழின் கதையை அறிவர். 'இலிட்டரரி டைசெசுட்டு' என்பது அக்காலத்தில் அந்நாடு முழுதும் பெயர்பெற்று விளங்கிய கிழமை இதழ். 1916 முதல் 1932 வரை நடந்த ஐந்து தேர்தல்களிலும் வெல்பவரைச் சரியாகவே முன்னுரைத்து வந்தது. 1936-இல் அது ஏறத்தாழ ஒரு கோடிப் பேர்க்கு அஞ்சலட்டைகளை விடுத்து, யார்க்கு வாக்களிப்பீர் என வினவியது. 23 இலக்கத்திற்கு மேற்பட்ட விடைகள் வந்து குவிந்தன. அவற்றை எண்ணிப் பார்த்துக் குடியரசுக் கட்சியின் இலாண்டன் 57 விழுக்காடு பெறுவார் என்று அவ்விதழ் அறிவித்தது. நடந்ததோ நேர்மாறு! பிராங்கிளின் உரூசுவெல்ட்டு ஏறத்தாழ 61 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். அன்றிருந்த 48 மாநிலங்களுள் 46 அவர் பக்கம் நின்றன. இலாண்டனுக்கு எஞ்சியவை மெயின், வெர்மான்ட்டு என்னும் இரண்டே. நகைப்பிற்கிடமான அவ்விதழ் இரண்டே ஆண்டுகளில் நின்று போயிற்று.

இருபது இலக்கத்திற்கும் மேற்பட்டோரைக் கேட்டும் பிழை நேர்ந்தது எங்ஙனம்? அவ்விதழ் முகவரிகளைத் திரட்டிய இடங்கள் யாவை என்று பார்த்தால் விடை தானே விளங்கும். தொலைபேசி வைத்திருந்தோர் பட்டியல், மகிழுந்து வைத்திருந்தோர் பட்டியல், இவை போன்றவையே அவை. அஃதோ பெருமந்தக் காலம். வேலையிழந்தோரும் நிலமிழந்த உழவரும் தெருவில் நின்ற காலம். அவர்கள் வீட்டில் தொலைபேசி ஏது? அவர்கட்கு அட்டையே செல்லவில்லை. அட்டை பெற்றவருள்ளும் நால்வரில் மூவர் விடை எழுதவில்லை. ஆட்சியின்மேல் சினங்கொண்டோரே விரைந்தெழுதினர். எனவே அவ்விதழ் நாட்டைக் கேட்கவில்லை. தன்னைப் போன்றோரைக் கேட்டது.

அதே ஆண்டில் சியார்சு கேலப்பு என்பார் ஏறத்தாழ 50,000 பேரை மட்டுமே வினவினார். செல்வர், வறியர், நகரத்தார், சிற்றூரார் என எல்லாப் பிரிவினரும் தக்க அளவில் அடங்குமாறு பார்த்துக்கொண்டார். உரூசுவெல்ட்டே வெல்வார் என்று அவர் உரைத்தது பலித்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானையை நன்றாகக் கிளறி எடுத்த சோறுதான் பதம் சொல்லும். மேலே மிதப்பதை மட்டும் அள்ளினால் ஓர் அகப்பை நிறைய அள்ளினாலும் அடியில் வேகாதிருப்பது தெரியாது.

ஆயினும் அக்கேலப்பும் 1948-இல் வீழ்ந்தார். குடியரசுக் கட்சியின் தாமசு தூயியே வெல்வார் என்று அவரும் பிற கணிப்பாளரும் ஒருங்கே முழங்கினர். ஒருவர் முடிவு உறுதியாகிவிட்டது என்று கூறிச் செப்டம்பரிலேயே கேட்பதை நிறுத்திக்கொண்டார். கேலப்பும் தேர்தலுக்குச் சில கிழமைகட்கு முன்பே தம் வினவலை முடித்தார். ஆரி திரூமனோ தொடர்வண்டியில் ஊர் ஊராகச் சென்று, நிலையத்திற்கு நிலையம் நின்று, மக்களிடம் பேசிக்கொண்டேயிருந்தார். 'சிகாகோ திரிபியூன்' நாளிதழ் தூயி வென்றார் என்றே தலைப்பிட்டு அச்சடித்துவிட்டது. வென்ற திரூமன் அந்நாளிதழைக் கையில் உயர்த்திப் பிடித்துச் சிரித்த படம் உலகெங்கும் பரவிற்று. அவர் பெற்ற தேர்வாளர் வாக்குகள் 303. தூயி பெற்றவை 189. 1936-இல் விடுபட்டோர் வறியவர். 1948-இல் விடுபட்டோர் கடைசி நாள்களில் முடிவெடுத்தவர். இரண்டிடத்தும் பிழைக்குக் கரணியம் ஒன்றே: எண்ணப்படாதோர் இருந்தனர்.

அன்பர்களே! அமெரிக்கத் தேர்தலைக் கணிப்போர்க்கு வேறொரு தடையும் உண்டு. அங்குக் குடியரசுத் தலைவரை மக்கள் வாக்கு நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. 50 மாநிலங்கட்கும் தலைநகர் வாசிங்டனுக்குமாக 538 தேர்வாளர்கள் உளர்; 270 பெற்றவரே வென்றவர். மெயின், நெபிராசுக்கா என்னும் இரண்டு நீங்கலாக, மற்றை மாநிலங்களில் ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றவர்க்கும் அம்மாநிலத் தேர்வாளர் அனைவரும் உரியராவர். ஆதலால் நாடு முழுதும் மிகுதியாக வாக்குப் பெற்றவர் தோற்றலும் கூடும்.

2000-ஆம் ஆண்டில் ஆல் கோர், சியார்சு புசுவை விட 5 இலக்கத்திற்கு மேற்பட்ட வாக்குகள் மிகுதியாகப் பெற்றார். ஆயினும் புளோரிடா மாநிலத்தில் 537 வாக்குகளில் பின்தங்கியமையால் வாய்ப்பை இழந்தார். 2016-இல் இலாரி கிளிண்டன் அம்மையார் 28 இலக்கத்திற்கு மேல் மிகுதியாகப் பெற்றும் தோற்றார். மிச்சிகன், விசுகான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் திரம்பு பெற்ற மிகுதி வாக்குகள் மூன்றையும் கூட்டினாலும் 80,000-ஐ எட்டவில்லை. அம்மாநிலங்களில் எடுத்த கணிப்புகள் பலவற்றில் கல்லூரிக் கல்வி பெறாதோர் தக்க அளவில் இடம்பெறவில்லை என்பது பின்னர் ஆய்ந்தபொழுது தெரியவந்தது. படித்தவர் கணிப்பாளரிடம் பேசினர். படியாதவர் பேசாமல் சென்று வாக்களித்தனர். எண்பது ஆண்டு கழித்தும் 'இலிட்டரரி டைசெசுட்டு' செய்த பிழையே வேறோர் உருவில் மீண்டது!

அவ்வாறாயின் வெல்பவரை முன்கூட்டி அறிய வழியே இல்லையா? உண்டு. அதற்கு முகாமையான வினாக்கள் மூன்று.

முதல் வினா: ஆள்வோரின்மேல் மக்கள் நிறைவு கொண்டுள்ளனரா, அவர்தம் அடுப்படியின் நிலை என்ன என்பது. 1991-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வளைகுடாப் போரில் வென்ற மூத்த புசுவை நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் போற்றினர். 1992 நவம்பரில் அவர்க்கு வாக்களித்தோர் 37 விழுக்காட்டினரே. போர்வெற்றி மறந்துபோயிற்று, பொருளியல் தளர்ச்சி மறக்கவில்லை. 2024-இல் நடந்ததும் இதுவே. 2022 சூன் திங்களில் அந்நாட்டு விலையேற்றம் 9.1 விழுக்காடாக உயர்ந்தது. நாற்பதாண்டுகளில் காணாத உயர்வு அது. 2024-இல் அவ்விரைவு பெரிதும் தணிந்தது என்று ஆட்சியாளர் எடுத்துக்காட்டினர். அவர் காட்டிய கணக்கும் பொய்யன்று. ஆயின் ஏறும் விரைவு குறைந்ததேயன்றி ஏறிய விலை இறங்கவில்லை. கடையில் முட்டையும் இறைச்சியும் வாங்கும் தாய்க்கு விரைவு தெரியாது, விலைதான் தெரியும். சூலையில் பைடன் விலகி ஆரிசு வேட்பாளரானபொழுது வேட்பாளர்தாம் மாறினார். ஆளுங்கட்சியின் சுமை மாறவில்லை.

இரண்டாம் வினா: பொறுப்பிலிருப்பவரே மீண்டும் நிற்கின்றாரா, அன்றி அவர் கட்சியின் வேறொருவர் நிற்கின்றாரா என்பது. எவரும் இருமுறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்னும் சட்டத்திருத்தம் 1951-இல் நிறைவேறிற்று. அதன்பின் பொறுப்பிலிருந்தவர் களத்தில் இல்லாத தேர்தல்கள் எட்டு: 1952, 1960, 1968, 1988, 2000, 2008, 2016, 2024. இவற்றுள் ஆளுங்கட்சி வென்றது 1988-இல் மட்டுமே. மற்றை ஏழிலும் தோற்றது. எட்டு என்பது சிறிய எண்; அதனை இயற்கை நெறி எனக் கொள்ளல் கூடாது. 1960-இலும் 1968-இலும் மக்கள் வாக்கில் வேறுபாடு ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. 2000-இலும் 2016-இலும் ஆளுங்கட்சியே மக்கள் வாக்கில் முந்தியது. எனினும் முன்னவர் புகழ் பின்னவர்க்கு எளிதிற் கைமாறுவதில்லை, முன்னவர் பழியோ தவறாமல் கைமாறுகின்றது என்பதை இவ்வெட்டும் உணர்த்தும்.

மூன்றாம் வினா: ஊசல் மாநிலங்கள் எப்பக்கம் சாய்கின்றன என்பது. 2024-இல் அரிசோனா, நெவாடா, சியார்சியா, வட கரோலினா, பென்சில்வேனியா, மிச்சிகன், விசுகான்சின் ஆகிய ஏழையுமே திரம்பு கைப்பற்றினார். அவ்வேழிலும் கணிப்புகள் இருவரையும் நெருக்கமாகவே காட்டியிருந்தன. நெருக்கம் என்பதற்குப் 'பாதிப் பாதி' என்று பொருள் கொண்டோர் பிழைபட்டனர். ஏழிலும் ஒரே வகையினர் விடுபட்டிருப்பின், ஏழும் ஒரே பக்கம் சாயும் என்பதை அவர்கள் எண்ணவில்லை.

இம்மூன்றுக்கும் மாறாக, எக்காலத்தும் பொய்க்காத திறவுகோல் ஒன்றுண்டு என நம்புவது மயக்கமே. ஆலன் இலிச்சுமன் என்னும் வரலாற்றுப் பேராசிரியரும், நிலநடுக்கத்தை ஆய்ந்த உருசிய அறிஞர் கெய்லிசு-போரோக்கும் 1981-இல் கூடி 13 கூற்றுகள் கொண்ட ஒரு முறையை வகுத்தனர். அவற்றுள் ஆறோ அதற்கு மேலோ பொய்யாயின் ஆளுங்கட்சி தோற்கும் என்பது அவர்தம் நெறி. 2016-இல் பலர் மறுத்தபொழுதும் திரம்பு வெல்வார் என்று இலிச்சுமன் துணிந்துரைத்தார், அது பலித்தது. 2024-இல் ஆரிசு வெல்வார் என்றார், அது பலிக்கவில்லை. பலித்தபோது அவரைக் கணியர் எனப் போற்றியதும் மிகை. பலியாதபோது பழித்ததும் மிகை. கணிப்பு என்பது குறி கூறுதலன்று; சான்றுகளை நிறுத்துப் பார்த்து, சாய்வு எப்பக்கம் என்று கூறி, பிழைக்கவும் இடம் வைப்பது.

இனி 2028 நவம்பர் 7-ஆம் நாள் அந்நாட்டின் அடுத்த தேர்தல். இருமுறை தேர்ந்தெடுக்கப்பட்ட திரம்பு அதில் தேர்ந்தெடுக்கப்படச் சட்டம் இடந்தராது. எனவே அது மேற்கூறிய எட்டினைப் போன்ற ஒன்பதாம் தேர்தலாக அமையும். வரலாற்றின் சாய்வு ஆளும் குடியரசுக் கட்சிக்கு எதிராகவே உள்ளது. 1988-இல் இருந்தது போல் மக்கள் நிறைவும் பொருளியல் வளமும் அன்று ஒருங்கே நின்றால் அக்கட்சி அச்சாய்வை வெல்லக்கூடும். அவை இல்லையெனில் மக்களாட்சிக் கட்சியே வெல்லும் என்று கூறுதலே தக்கது. வேட்பாளர் பெயர் தெரியுமுன்னே இவ்வளவு கூறலாம். இதற்குமேல் உறுதி கூறுவோர் தம் விருப்பத்தையே கூறுகின்றனர் என்று கொள்க.

தமிழ்ப் பெருமக்களே! இக்கணக்கு அமெரிக்காவிற்கு உரியதாயினும் இதன் படிப்பினை எந்நாட்டு இயக்கத்திற்கும் உரியது. ஓர் அரங்கில் நூறு பேர் கூடிக் கைதட்டினால் நாடே கைதட்டுகின்றது என்று எண்ணுவது, தொலைபேசிப் பட்டியலைப் பார்த்து நாட்டைக் கணித்த அவ்விதழின் பிழையே. அரங்கிற்கு வந்தவர் முன்பே உடன்பட்டவர். வராதவரோ வயலில் நிற்கின்றார், ஆலையில் நிற்கின்றார், அரிசி விலையை எண்ணிக்கொண்டு அடுப்படியில் நிற்கின்றார். அவர் கருத்தென்ன என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேளாமலே அவர் சார்பில் பேசுவோர், முடிவு வந்த நாளில் மக்களைப் பழிப்பர், ஏமாற்றப்பட்டனர் என்பர், அறியாதவர் என்பர். அன்றே சென்று கேட்டிருப்பின் பழிக்கத் தேவை நேர்ந்திராது.

திரூமன் தொடர்வண்டியில் சென்றது அதற்காகத்தான். இக்கூட்டம் முடிந்து இல்லம் திரும்பும் ஒவ்வொருவரும், இங்கு வாராத அண்டை வீட்டார் ஒருவரிடம் அவர் கருத்தைக் கேட்டு, மறுமொழி கூறாமல் முழுமையாகச் செவிமடுத்தால், இவ்வுரைக்குப் பயன் விளைந்ததாகும்.

வாழ்க தமிழ்!