காரின் விசிறியும் குடும்பக் கணக்கும்

பெங்களூரில் பணிபுரியும் தமிழ்க் குடும்பத்தார் பலரிடம் இன்று ஒரு சிறிய கார் இருக்கிறது. பெரும்பாலும் அது தவணையில் வாங்கியது. தவணை முடிந்த பின்னும் விற்க மனம் வராமல் வைத்துக்கொண்டிருப்பது. பொங்கலுக்கும் திருமணங்களுக்கும் ஒசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக ஊர் போய் வருவது அதில்தான். பத்து ஆண்டு கடந்த இத்தகைய வண்டிகளில் ஓய்ந்துபோகும் உறுப்புகளுள் ஒன்று, ரேடியேட்டரை ஒட்டி இருக்கும் மின்விசிறி. அதனை வீட்டிலேயே மாற்றிக்கொள்ள இயலுமா, இயலுமாயின் எவ்வளவு மிச்சமாகும், எங்கே கைவைக்கலாகாது என்பனவற்றை நேயர்களோடு இன்று பேச விரும்புகிறோம்.

நாம் இயந்திரக் கலை கற்றவர் அல்லோம். கல்லூரியில் படித்தது வரலாறு. வயிற்றுக்கு வழி செய்வது நடுவண் அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு. ஆகவே கூறப்போவது கலைப் பட்டதாரி ஒருவருக்கு விளங்கிய அளவினதே. ஆயினும் அந்த அளவே இவ்வேலைக்குப் போதுமானது என்பது நமது துணிபு.

பெட்ரோல் எரிவதால் பிறக்கும் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தை உருட்டப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். எஞ்சியதை எஞ்சினைச் சுற்றி ஓடும் திரவம் வாங்கி ரேடியேட்டருக்குக் கொண்டுவந்து காற்றில் விடுகிறது. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கே ஒரு சொல் பற்றிச் சிறு குறை கூற வேண்டியிருக்கிறது. ரேடியேட்டர் என்பதைக் 'கதிர்வீச்சி' என்று எழுதுவாருளர். ஆனால் அக்கருவி கதிராக வீசும் சூடு மிகச் சொற்பம். மெல்லிய தகடுகளினூடே புகுந்து செல்லும் காற்றே சூட்டின் பெரும்பகுதியைக் கவர்ந்து செல்கிறது. மூலச் சொல்லே பிழைபட்டது. அதனைப் பிழையறப் பெயர்த்தாலும் பிழையே மிஞ்சும். காற்று வராவிட்டால் ரேடியேட்டர் வெறும் தண்ணீர்த் தொட்டி என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் விசிறியின் பெருமை தானே விளங்கும்.

இதனை முதலில் நன்கு உணர்ந்தவர்களுள் ஒருவர் ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மைபாக். 1900ஆம் ஆண்டின் இறுதியில் உருவான மெர்சிடிஸ் வண்டிக்கு 8,070 சிறு குழாய்களைச் சேர்த்துத் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் ஒன்றை அவர் அமைத்தார். வண்டி மெதுவாகப் போகும்போது காற்றுப் போதாது என்று கண்டு அதன் பின்னால் ஒரு விசிறியையும் வைத்தார். 'மெதுவாகப் போகும்போது' என்பதே இங்கு முக்கியம். மணிக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்குப் பெரும்பாலும் விசிறியே தேவையில்லை, எதிர்க்காற்றே போதும். நின்று நின்று ஊர்ந்து செல்லும் காருக்கோ விசிறியே உயிர். டாம்டாம் என்னும் நெதர்லாந்து நிறுவனம் 2023ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்குப்படி, பெங்களூர் நகரின் நடுப்பகுதியில் பத்துக் கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 28 நிமிடம் 10 விநாடி ஆயிற்று. சில்க் போர்டு சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு நின்றவருக்கு இந்தக் கணக்குத் தயவு மிகுந்ததாகத் தோன்றும்.

பழைய அம்பாசடர் வண்டியில் விசிறியை எஞ்சினே பெல்ட் மூலம் சுழற்றியது. எஞ்சின் ஓடும்வரை விசிறியும் ஓடும். எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை இயக்கும் சிறு கார்கள், 1983இல் மாருதி 800 வந்த பிறகு, நம் நாட்டில் பெருகின. குறுக்கே படுத்த எஞ்சினின் தண்டு ரேடியேட்டரை நோக்கி நில்லாது. ஆகவே விசிறிக்குத் தனி மின்மோட்டார் வேண்டியதாயிற்று. சூடு ஏறினால் சுழலும், தணிந்தால் நிற்கும். இவ்வேற்பாட்டினால் எரிபொருள் மிச்சம். அதோடு, விசிறியைத் தனியே கழற்றி மாட்டவும் முடிகிறது. சில வண்டிகளில் ரேடியேட்டருக்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று என இரு விசிறிகள் இருக்கும். வேறு சிலவற்றில் ஒரே விசிறி இரு வேகங்களில் ஓடும்.

விசிறி ஓய்ந்துவிட்டதை வண்டி தானே சொல்லும். சிக்னலில் நிற்கையில் சூட்டு முள் ஏறும். வெளிச்சாலையில் ஓடுகையில் இறங்கும். முள் இல்லாத வண்டியாயின் சிவப்பு விளக்கு எரியும். ஏ.சி.யும் நிற்கையில் குளிராது, ஓடுகையில் குளிரும். இவை சேர்ந்து தோன்றினால் விசிறியை ஐயுறலாம். விசிறி நன்றாகச் சுழன்றுகொண்டிருக்கும்போதே சூடு ஏறுமாயின் குற்றம் வேறிடத்தில் உள்ளது: கூலன்ட் குறைந்திருக்கும், தெர்மோஸ்டாட் திறவாதிருக்கும், பம்ப் தேய்ந்திருக்கும், அல்லது ரேடியேட்டர் அடைபட்டிருக்கும். பெங்களூரில் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டரை அடைத்துக்கொண்டவர் பலர். அவர்களுக்குப் புது விசிறி எவ்வுதவியும் செய்யாது.

சென்ற கோடையில் நமது காரின் சூடு இவ்வாறு ஏறியது. ஒரு பணிமனையில் காட்டினோம். இரு விசிறிகளையும் சட்டகத்தோடு மாற்ற வேண்டும் என்று 11,400 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். வீட்டு வாடகையும் ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணமும் போக மாத இறுதியில் மிஞ்சுவதை எண்ணிப் பார்ப்பவருக்கு அது சிறு தொகையன்று. இரண்டும் கெட்டனவா, ஒன்றுதானா, எதனால் கெட்டது என்று கேட்டோம். சோதித்துப் பார்த்ததாக அவர்கள் சொல்லவில்லை. வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது என்று அன்றே முடிவு செய்தோம். சோதனைக்கு மொத்தம் முக்கால் மணி நேரமே ஆயிற்று.

சோதிக்கும் முறை இது. மலிவான பொருளில் தொடங்கி விலை மிகுந்ததை நோக்கிச் செல்ல வேண்டும். முதலில் எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடுக, பெரும்பாலான வண்டிகளில் சில விநாடிகளில் விசிறி சுழலத் தொடங்கும். சுழலவில்லையாயின் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து விசிறிக்குரிய ஃப்யூஸைப் பார்க்க வேண்டும். அது எரிந்திருந்தால் செலவு சில ரூபாய்தான். ஆனால் புதிதும் உடனே எரியுமாயின் மோட்டார் இறுகியிருக்கலாம். எரியவில்லையாயின் அடுத்தது ரிலே. ஹாரனுக்கும் விசிறிக்கும் ஒரே வகை ரிலே உள்ள வண்டிகளில் இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். இரு வேக விசிறியில் மெது ஓட்டம் மட்டும் கெட்டு, வேக ஓட்டம் நன்றாயிருந்தால், அங்குள்ள ரெசிஸ்டர் என்னும் சிறு பொருளையே ஐயுற வேண்டும். ஏ.சி. போட்டால் சுழன்று, சூட்டுக்கு மட்டும் சுழலாத விசிறியில், சூட்டை அறியும் சென்சாரைப் பார்க்க வேண்டும்.

இவையனைத்தும் சரியாயிருந்தால், எஞ்சினை நிறுத்தி, விசிறியின் மின் இணைப்பைக் கழற்றி, ஃப்யூஸ் பொருத்திய தடித்த கம்பிகளால் மோட்டாருக்கு நேராகப் பேட்டரி மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். விசிறி பத்து ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். மெல்லிய கம்பி காய்ந்து எரிந்துவிடும். கம்பியைத் தொடுவதற்குமுன் விரலும் சட்டை நுனியும் இதழ்களுக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். விசிறியின் வேகத்தைத் தனி மின்னணுப் பெட்டி ஆளும் புதிய வண்டிகளில் இச்சோதனை செய்யலாகாது. நமது வண்டியில் ஏ.சி. விசிறி உடனே சுழன்றது. ரேடியேட்டர் விசிறி அசையவில்லை. கையால் திருப்பினால் மணல் அரைப்பது போல் ஒலித்தது. ஆக, கெட்டது ஒன்றே.

பொருள் வாங்குவதற்குப் பெங்களூரில் ஜெயசாமராஜேந்திர சாலை இருக்கிறது, ஜே.சி. ரோடு என்றால்தான் யாருக்கும் தெரியும். டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் செல்லும் வழியில் உதிரிப் பாகக் கடைகள் நெருங்கி நிற்கின்றன. டெல்லியில் வாழும் அன்பர்களுக்குக் காஷ்மீரி கேட், கொல்கத்தாவில் வாழ்வோர்க்கு மல்லிக் பஜார். கன்னடம் தடுமாறுகிறது என்று கூச வேண்டியதில்லை. கடைக்காரர் நம்மிடம் முதலில் கேட்டது, "சார், பழையதைக் கொண்டுவந்தீர்களா?" என்பதுதான். அது நல்ல கடைக்கு அடையாளம். ஒரே பெயருடைய காரிலும் ஆண்டுக்கு ஆண்டு மோட்டாரின் தண்டும், இணைப்பின் வடிவும், இதழின் எண்ணிக்கையும் மாறுகின்றன. பழையதையும் வண்டியின் பதிவுச் சான்றையும் கொண்டு செல்வது இரண்டாம் நடையைத் தவிர்க்கும். சிவாஜிநகரில் பழைய பாகங்கள் இன்னும் மலிவாகக் கிடைக்கும். கதவுக் கைப்பிடியை அங்கே வாங்கலாம். மோட்டாரை வாங்குவதை நாம் ஒப்புவதில்லை. அது எத்தனை கோடை கண்டது என்பதை யாரும் சொல்ல முடியாது. நாம் புது மோட்டாரும் இதழும் 2,600 ரூபாய்க்கு வாங்கினோம். மற்றொரு விசிறி ஓசையின்றி ஓடியதால் அதனைத் தொடவில்லை. அதுவும் முனகியிருந்தால் இரண்டையும் ஒருங்கே மாற்றியிருப்போம்.

இனி வேலை. எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். முதல் நாள் இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது நன்று. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. சூட்டில் அம்மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, திரவம் ஒரே கணத்தில் கொதித்து முகத்தில் பாயும். வீட்டில் கார் வேலை செய்வோர்க்கு நேரும் தீக்காயங்களுள் கொடியது இதுவே. அடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். சாவி கையில் இருப்பதே போதும் என்று எண்ணலாகாது. பல வண்டிகளில் எஞ்சின் நின்ற பின்பும் விசிறி தானே சுழலத் தொடங்கும்.

பிறகு மின் இணைப்பைக் கழற்ற வேண்டும். பழைய பிளாஸ்டிக் கொக்கி எளிதில் ஒடியும். இழுப்பது கம்பியையன்று, கொக்கியை. விசிறிச் சட்டகத்தை மேலே இரண்டு போல்ட்கள் பிடித்திருக்கும். பெரும்பாலும் பத்தாம் எண் ஸ்பானர் போதும். கீழ்ப்பகுதி வெறுமனே பள்ளத்தில் அமர்ந்திருக்கும். வெளியே தூக்குமுன் ரேடியேட்டருக்கும் சட்டகத்துக்கும் இடையில் ஓர் அட்டையை நுழைத்துவிடுக. அலுமினியத் தகடுகள் காகிதம் போன்றவை. சட்டக முனை உரசினால் மடிந்துபோகும், குழாய் கிழிந்தால் ரேடியேட்டரே போய்விடும். மிச்சம் பிடிக்க வந்தவர் இருமடங்கு செலவு செய்யும் இடம் இதுதான். ஒருவர் விளக்குப் பிடிக்க, ஒருவர் தூக்குவது நலம்.

சட்டகத்தை மேசையில் வைத்து இதழையும் மோட்டாரையும் மாற்றிய பின் வந்த வழியே இறக்க வேண்டும். நமது வண்டியில் மேற்குழாயைக் கழற்ற நேரவில்லை. சில வண்டிகளில் நேரும். அப்போது கூலன்ட்டைச் சுத்தமான பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். அது இனிக்கும் நஞ்சு. குழந்தைகளும் தெருநாய்களும் நக்கிவிடும்படி தரையில் விடலாகாது, சாக்கடையிலும் கொட்டலாகாது. திரும்ப நிரப்பும்போது காய்ச்சி வடித்த நீரோடு கலந்த கூலன்ட்டையே ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிட வேண்டும்.

ஹைபிரிட் வண்டி, மின்சார வண்டி, உத்தரவாதக் காலம் முடியாத வண்டி ஆகியவற்றை உடையோர் இவ்வேலையில் இறங்க வேண்டாம். ஆரஞ்சு நிறக் கம்பி தென்பட்டால் மூடியைச் சாத்திவிடுவதே அறிவுடைமை. இன்னும் ஒன்று: ஊரிலிருந்து திரும்பும் வழியில், தொப்பூர்க் கணவாயில் லாரிக்குப் பின்னால் ஏறுகையில் விசிறி நின்றுவிட்டால், ஏ.சி.யை நிறுத்தி ஹீட்டரை முழுதும் திறந்து, கண்ணாடிகளை இறக்கி, பாதுகாப்பான முதல் இடத்தில் ஒதுங்க வேண்டும். ஹீட்டரும் ஒரு சிறு ரேடியேட்டரே. சிறிது நேரம் தாங்கும். முள் சிவப்பில் நிற்க ஓட்டினால் சிலிண்டர் தலை வளையும், கேஸ்கட் போகும். விசிறிக்கு ஆயிரக்கணக்கில் ஆகும் செலவு எஞ்சினுக்குப் பல ஆயிரங்களாகும்.

வேலை முடிந்ததும் பேட்டரியை இணைத்து எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டோம். முன் கிரில்லின் மேல் ஒரு நாளேட்டுத் தாளை வைத்தோம். ரேடியேட்டருக்குப் பின்னுள்ள விசிறி காற்றை உள்ளே இழுப்பது. ஆகவே தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். மோட்டாரின் இரு கம்பிகள் மாறியிருந்தால் விசிறி எதிராகச் சுழன்று தாளைத் தள்ளிவிடும். வெளியே பார்ப்பவருக்கு இரண்டும் சுழற்சிதான். ஓடும் வண்டியில் அது எதிர்க்காற்றோடு மல்லுக்கு நிற்கும். தாள் ஒட்டியது. பின் ஏ.சி.யை நிறுத்திக் காத்திருந்தோம். சூடு ஏறியதும் விசிறி சுழன்றது, தணிந்ததும் நின்றது, மறுபடியும் சுழன்றது. இருமுறை இவ்வாறு கண்ட பிறகே மூடியைச் சாத்தினோம். மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருக்கையில் கூலன்ட் மட்டத்தைப் பார்த்தோம், கோடு குறையவில்லை. பழைய மோட்டாரைச் செம்புக்காகப் பழைய சாமான்காரர் எடைபோட்டு வாங்கிச் சென்றார்.