ஒப்புக்குச் சப்பாணி இல்லாத ஆடுகளம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

கவிதையும் காப்பியமும் பேசப்படும் இம்மேடையில் உடற்கல்வியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இலக்கிய வட்டத்தில் விசிலுக்கு என்ன வேலை?" என்று சிலர் எண்ணக்கூடும். குழந்தையின் உடலசைவைப் பருவம் பருவமாகப் பிரித்து, அதற்கென ஓர் இலக்கிய வகையையே படைத்த மொழி நம்முடையது. எனவே விசிலுக்கும் இங்கே சிறிது இடம் உண்டு என்றே நம்புகிறேன்.

பிள்ளைத்தமிழைப் பாருங்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. கைகொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தலும் சிறுபறை கொட்டலும் சிறுதேர் உருட்டலும் உண்டு. பெண்பாலில் அம்மானை உண்டு, ஊசல் உண்டு. தலை நிமிர்த்தல், கை ஒருங்கிணைதல், நடத்தல், கருவியைக் கையாளல் என்று உடற்கல்வி நூல்கள் வகுக்கும் வரிசைக்கு இது மிக நெருங்கியது. எந்தப் பருவத்துக் குழந்தையையும் "உனக்கு இன்னும் நடக்கத் தெரியவில்லையே" என்று எந்தப் புலவரும் பழித்ததில்லை. செங்கீரை ஆடுவதும் ஒரு நிறைவு; சிறுதேர் உருட்டுவதும் ஒரு நிறைவு.

இந்தப் பார்வை பள்ளி மைதானத்துக்கு வரும்போது எங்கே போய்விடுகிறது என்பதே இன்றைய என் கேள்வி.

நம் தெருவாட்டங்களில் ஒரு சொல் உண்டு: ஒப்புக்குச் சப்பாணி. உப்புக்குச் சப்பாணி என்றும் வழங்குவர். பெரிய பிள்ளைகள் ஆடும்போது தம்பியோ தங்கையோ அழுதுகொண்டு வந்தால் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அவன் தொட்டாலும் கணக்கில்லை. அவனைத் தொட்டாலும் கணக்கில்லை. வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஓர் ஆட்டத்தில் சேர்க்க நம் சமூகம் கண்ட வழி இது. இதில் ஓர் அன்பு இருக்கிறது, குழந்தை விரட்டப்படவில்லை. ஒரு குறையும் இருக்கிறது. அது கணக்கில் வரவில்லை. மேலும், சப்பாணி என்னும் சொல்லுக்குக் கால் வழங்காதவர் என்ற பொருளும் உண்டு. மாற்றுத்திறன் உடைய ஒரு பிள்ளையின் காதில் அச்சொல் எப்படி விழும் என்பதை நாம் எண்ணிப்பார்த்ததில்லை.

தெருவில் ஒப்புக்குச் சப்பாணியாகவேனும் இருந்த பிள்ளை, பள்ளியில் மரத்தடிக்குப் போய்விடுகிறது. மற்றவர்களின் செருப்புக்கும் கைக்கடிகாரத்துக்கும் காவல் இருக்கிறது. சற்றுக் கருணையுள்ள பள்ளியாக இருந்தால் மதிப்பெண் குறிக்கும் தாளைக் கொடுப்பார்கள். ஒருநாள் மதிப்பெண் குறிப்பது பயிற்சி. ஆண்டு முழுவதும் ஒரே பிள்ளை மதிப்பெண் குறித்தால் அதற்குப் பெயர் விலக்கல்.

இந்த வட்டாரத்துக்கு உடற்கல்வியில் நெடிய தொடர்பு உண்டு. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி பின்னர் சைதாப்பேட்டையை அடுத்த நந்தனத்தில் வேரூன்றியது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியை உடனிருந்து நடத்தியவரும் அவரே. 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மரங்களுக்கிடையே பரந்த மைதானங்களை இங்கே அமைத்தது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரில் இருக்கிறது. பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் இயங்குகிறது. ஆசிரியரை உருவாக்கும் இடமும், சிறப்புக் குழந்தைகளை அறிந்த இடமும் நம் அண்டையிலேயே உள்ளன. இரண்டின் அறிவும் நம் தெருமுனைப் பள்ளி முற்றத்துக்கு வந்து சேர்வதே அரிதாக இருக்கிறது.

சட்டத்திலும் குறையில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டிடம் வேண்டும் என்கிறது. நூறு பிள்ளைகளுக்கு மேற்பட்ட உயர்தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, அவர்கள் விளையாட்டுகளில் பங்குபெறும்படி பயிற்சித் திட்டங்களையே மாற்றியமைக்கச் சொல்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, பதினொரு வயதுச் சிறுமியும் பதினான்கு வயது வளர்ந்த பையனும் ஒரே நேரத்தில் முற்றத்தில் நிற்க, முன்னே ஒற்றை ஆசிரியர் நிற்கிறார். கையில் இரண்டு பந்து. அவர் என்ன செய்வார்? ஒரு பந்தைப் பையன்களிடமும் ஒரு பந்தைப் பெண்களிடமும் எறிந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அவரைக் குறை சொல்லி நான் பேசவில்லை. அவருக்கு உதவக்கூடிய சில வழிகளைச் சொல்லவே வந்தேன்.

முதலில், ஆட்டத்தின் விதி வேதம் அன்று. 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் பீச் பழக்கூடைகள் இரண்டை மாட்டிக் கூடைப்பந்தை உண்டாக்கியது, குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத ஒரு வகுப்புக்காக. நான்கு ஆண்டுகள் கழித்து வில்லியம் மார்கன் கைப்பந்தை உண்டாக்கியது, கூடைப்பந்தின் ஓட்டத்தைத் தாங்க முடியாத நடுவயதினருக்காக. இன்று நாம் ஒலிம்பிக்கில் வியந்து பார்க்கும் கைப்பந்தே ஒரு காலத்தில் இயலாதவர்களுக்கென இளக்கி அமைத்த ஆட்டம்தான்! ஆடவர் கைப்பந்தின் வலை உயரம் 2.43 மீட்டர், அமர்ந்து ஆடும் கைப்பந்தில் அது 1.15 மீட்டர். பெரியவர்களின் கூடை 3.05 மீட்டர் உயரத்தில் இருக்க, சிறுவர் கூடைப்பந்தில் 2.60 மீட்டருக்கு இறங்குகிறது. ஆளுக்கேற்ப ஆட்டம் மாறியது என்பதே விளையாட்டின் வரலாறு. ஆட்டத்துக்கேற்ற ஆளை மட்டும் பொறுக்குவது பள்ளியின் வேலை அன்று.

அடுத்து, மஸ்கா மாஸ்டன் என்ற உடற்கல்வி அறிஞர் காட்டிய கயிற்றைச் சொல்ல வேண்டும். உயரம் தாண்டப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறோம். கயிறு தரைக்கு இணையாக இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் உயர்த்துகிறோம். தாண்டாதவன் போய் உட்காருகிறான். கடைசியில் ஒரே ஒருவன் தாண்டிக்கொண்டிருக்க, மற்ற அனைவரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். யாருக்குப் பயிற்சி மிகுதியும் தேவையோ அவன்தான் முதலில் உட்காருகிறான். மாஸ்டன் என்ன செய்தார்? கயிற்றின் ஒரு முனையைத் தாழ்த்தினார். அவ்வளவுதான். சாய்ந்த கயிற்றில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கேற்ற இடத்தைத் தானே தேர்ந்து தாண்டுகிறது. வல்லவனுக்கு உயர்ந்த முனை இருக்கிறது. அவனை யாரும் இழுத்துப் பிடிக்கவில்லை. எளியவனுக்குத் தாழ்ந்த முனை இருக்கிறது. சில முறை தாண்டியபின் அவனே ஓரடி மேலே நகர்கிறான். செலவு? ஒன்றுமில்லை. இரண்டு கம்பும் ஒரு கயிறும் போதும்.

நம் பச்சைக்குதிரையும் இதற்கு அயலானது அன்று. கணுக்காலைப் பிடித்துக் குனிவதில் தொடங்கிப் படிப்படியாக உயரம் ஏறுகிறது. தாண்டத் தவறியவன் வெளியேறுவதில்லை. அவன் குனிகிறான், ஆட்டத்தின் நடுவிலேயே இருக்கிறான். கண்ணாமூச்சியில் பிடிபட்டவன் அடுத்துத் தேடுகிறான். சடுகுடுவில் வெளியேறியவன் தன் அணி எதிரியை வீழ்த்தினால் மீண்டும் உயிர்பெற்று வருகிறான். தோற்றவன் திரும்பிவர ஒரு வாசலை நம் முன்னோர் திறந்து வைத்திருந்தார்கள். பள்ளி விழாக்களில் நாம் விரும்பி நடத்தும் இசை நாற்காலியில் அந்த வாசல் கிடையாது; முதலில் வெளியேறிய பிள்ளை இறுதிவரை வெளியேதான்.

மூன்றாவதாக, எந்த ஆட்டத்தையும் நான்கு திருகுகளால் கூட்டலாம், குறைக்கலாம். இடம், செயல், கருவி, ஆள் என்பவை அவை. எறிபந்தை எடுத்துக்கொள்வோம். சிறியவர் நிற்கும் கோட்டை வலைக்கு அருகே கொண்டுவருவது இடத்தை மாற்றுவது. பெரியவர் ஒரு கையாலும் சிறியவர் இரு கையாலும் எறியலாம் என்பது செயலை மாற்றுவது. கனமான பந்துக்குப் பதில் மெல்லிய பந்து தருவது கருவியை மாற்றுவது. ஒவ்வோர் அணியிலும் எல்லா வயதினரும் சேர்ந்து, அனைவர் கையும் பட்ட பின்னரே பந்து வலையைக் கடக்கலாம் என்பது ஆள் வைப்பை மாற்றுவது. இந்தக் கடைசி விதி வந்தால் போதும், ஒப்புக்குச் சப்பாணி மறைந்துவிடுவான். அவன் கையில் பந்து படாமல் அணிக்கு வெற்றியில்லை. ஆகவே அவனுக்குப் பந்து பிடிக்கக் கற்றுத்தருவது வல்லவனுக்கே தேவையாகிவிடுகிறது.

பார்வை குன்றிய பிள்ளைக்குப் பந்தின்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டினால் சலசலக்கும் ஒலி வழிகாட்டும். செவித்திறன் குன்றிய பிள்ளைக்கு விசிலோடு கொடியும் அசைய வேண்டும். சக்கர நாற்காலிப் பிள்ளைக்கு மணலைவிடச் சிமெண்டுத் தரை ஏற்றது. அறிவு வளர்ச்சி தாமதப்பட்ட பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, அதையும் செய்துகாட்டிச் சொல்ல வேண்டும். இதய நோயோ வலிப்போ உள்ள பிள்ளைக்கு மருத்துவரின் சொல்லைக் கேட்டு அளவான பயிற்சி வகுக்க வேண்டும். இவற்றுள் பணம் கேட்பவை மிகச் சில. கவனம் கேட்பவையே எல்லாம்.

சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவை நாடறியும். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் சிதைந்த பிள்ளை, பள்ளியில் உடற்கல்வி ஆசிரியரின் ஊக்கத்தால் உயரம் தாண்டினார். 2016இல் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம். பெருமைதான். ஆயினும் ஓர் எச்சரிக்கை சொல்வேன். மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் எல்லாப் பிள்ளைகளும் மாரியப்பன் ஆகப்போவதில்லை, ஆகவும் வேண்டியதில்லை. பதக்கம் கிடைக்கும் என்பதற்காக ஒரு பிள்ளையை ஆட்டத்தில் சேர்த்தால், கிடைக்காது என்று தெரிந்த பிள்ளையை மறுபடியும் மரத்தடிக்கு அனுப்பிவிடுவோம். மூச்சிரைக்க ஓடி வியர்வை துடைக்கும் இன்பம் ஒவ்வொரு குழந்தைக்கும் உரியது.

தொடக்கப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022இல் வந்தபோது, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பித்தார்கள். ஒரே அறையில் மூன்று நிலை இருக்கலாம் என்று எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒப்புக்கொண்ட நாம், ஓட்டத்துக்கும் தாவலுக்கும் ஏன் ஒரே கோட்டைக் கிழிக்கிறோம்?

இறுதியாக இவ்வவைக்கு மூன்று வேண்டுகோள்கள். உங்கள் பிள்ளையின் பள்ளிக்குச் சென்றால் கணக்கு மதிப்பெண்ணைக் கேட்பதுபோல், "உடற்கல்வி வேளையில் எத்தனை நிமிடம் இவன் ஓடினான்?" என்றும் கேளுங்கள். அந்த வேளையைத் தேர்வுக்காகக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுத்தால் மறுத்துச் சொல்லுங்கள். அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

மூன்றாவது, இலக்கிய வட்டத்துக்கே உரியது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் எங்கும் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்தினரும் வந்து குடியேறியிருக்கிறோம். பாண்டி என்பார் ஒருவர், சில்லு என்பார் மற்றவர். ஒவ்வொருவர் நினைவிலும் ஊர் ஆட்டங்களும் அவற்றின் விதிகளும் உள்ளன. அவற்றை எழுதித் தொகுக்கும் பணியை இவ்வட்டம் தன் பதினோராம் ஆண்டில் மேற்கொள்ளட்டும். எப்படி ஆடினோம் என்பதோடு, சின்னஞ்சிறு பிள்ளையையும் காலிழந்த தோழனையும் எப்படிச் சேர்த்துக்கொண்டோம், அல்லது சேர்க்காமல் விட்டோம் என்பதையும் எழுதுங்கள். அந்தத் தொகுப்பு ஓர் உடற்கல்வி ஆசிரியரின் கையில் கிடைத்தால், இரண்டு பந்தோடு நிற்கும் அவருக்கு அது பெருந்துணையாகும்.