கரியாஹாட் இரைச்சலில் பிரத்யாஹாரம்

யோகம் என்றாலே ஆசனம் என்கிறோம். பதஞ்சலியின் எட்டு அங்கங்களில் அது மூன்றாவதுதான். ஐந்தாவது பிரத்யாஹாரம், புலன்களை உள்ளே திருப்புவது.

விஞ்ஞானம் படித்தவன், எனக்கு அளவு வேண்டும். 1961-ல் டெல்லி எய்ம்ஸில் பி.கே. ஆனந்த் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இரு யோகிகள் 4 டிகிரி குளிர்நீரில் 45 நிமிஷத்துக்கு மேல் கையை வைத்திருந்தனர். மூளையின் ஆல்பா அலை கலையவில்லை. இரண்டே பேர், நிரூபணம் என்று வாதாட மாட்டேன்.

பத்மாஸனத்துக்கு என் முழங்கால் இடம் கொடுக்காது. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கிறேன். கரியாஹாட் பஸ் ஹாரன் காதில் விழும். மனசு அதன் பின்னால் ஓடாது. சில நிமிஷம்தான். ஆத்துக்காரி போன பின் டி.வி.யால் நிரம்பாத வெறுமை அப்போது நிரம்புகிறது.

இப்போதே ஐந்து நிமிஷம் உட்காரலாமா? ஜன்னலைச் சாத்த வேண்டாம்.